மரபணு ஏட்டைப் படித்தோம், நோய் தீர்ந்ததா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

முன்னுரை

அறிவியல் மனித குலத்திற்கு அளித்த வாக்குறுதிகள் பல. அவற்றுள் நிறைவேறியவை எவை, நிலுவையில் நிற்பவை எவை என்று கணக்குப் பார்ப்பதும் அறிவியல் மாணவரின் கடமையே ஆகும். மளிகைக் கடைக்காரர் ஆண்டுக்கு ஒருமுறை பேரேட்டைப் புரட்டுவதுபோல, மனித மரபணுத்தொகுதியைப் படித்த பெரும் முயற்சியின் வரவு செலவை இக்கட்டுரையில் புரட்டிப் பார்க்க விழைகிறேன்.

1999 ஆம் ஆண்டு மனித மரபணுத்தொகுதித் திட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் காலின்ஸ், மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கற்பனைக் காட்சியை எழுதினார். ஆண்டு 2010. இருபத்து மூன்று வயதுப் பட்டதாரி இளைஞன் ஒருவனுக்குக் குருதியில் கொழுப்பு மிகுந்திருக்கிறது. மருத்துவர் அவனுடைய மரபணுக்களைச் சோதிக்கிறார். எந்தெந்த நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று பட்டியல் வருகிறது. அதற்கேற்ற மருந்தும் வாழ்க்கை முறையும் வகுத்துக் கொடுக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டே, 2000 ஜூன் 26 அன்று, அமெரிக்க அதிபர் கிளிண்டன் வெள்ளை மாளிகையில் மரபணுத்தொகுதியின் முதல் வரைவை அறிவித்து, இது நோய் அறிதலிலும் தடுப்பிலும் சிகிச்சையிலும் புரட்சி செய்யும் என்றார்.

2010 கடந்து நெடுநாளாகிவிட்டது. அந்த இளைஞனுக்கு நிகரான வயதில் நிற்கிறோம் நாம். நம்மில் எவரும் சேலத்திலோ நாமக்கல்லிலோ உள்ள மருத்துவமனைக்குச் சென்று அத்தகைய பட்டியலைப் பெற்றதில்லை. அப்படியாயின் வாக்குறுதி பொய்த்ததா? இக்கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. சில இடங்களில் அது வியக்கத்தக்க அளவு நிறைவேறியது. சில இடங்களில் இன்னும் தொலைவிலேயே நிற்கிறது. எங்கு எது என்பதை வகுத்தறிவதே நம் வேலை.

ஏடும் எழுத்தும்

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கே எழுத்துகளால் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் வரிசையாக அமைந்துள்ளன. இவ்வரிசை முழுவதையும் படிக்கும் திட்டம் 1990 இல் தொடங்கி 2003 ஏப்ரலில் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி, ஜப்பான், சீனா ஆகிய ஆறு நாடுகள் இதில் பங்கேற்றன; இந்தியா பங்கேற்கவில்லை. அப்போதும் விடுபட்டிருந்த பகுதிகள் 2022 இல்தான் படித்து முடிக்கப்பட்டன.

புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் ஒரு லட்சம் இருக்கும் என்று பலர் முன்பு கருதினர். படித்துப் பார்த்தபோது ஏறத்தாழ 20,000 மட்டுமே இருந்தன. அன்று கோடிக்கணக்கான டாலர் செலவில் படித்த ஏட்டை இன்று ஆயிரம் டாலருக்குள் படித்துவிட முடிகிறது. படிக்கும் கலையில் அறிவியல் வென்றுவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் படிப்பது வேறு, பொருள் உணர்வது வேறு, உணர்ந்ததை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டு சேர்ப்பது வேறு. இம்மூன்றையும் ஒன்றாக எண்ணிய இடத்தில்தான் வாக்குறுதி அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது.

எங்கே நிறைவேறியது?

ஒரே மரபணுவின் பழுதால் வரும் நோய்களில் இந்த அறிவு கைமேல் பலன் தந்துள்ளது. பிறந்து ஆறு மாதத்திற்குள் சில குழந்தைகளுக்கு நீரிழிவு வருவதுண்டு. வாழ்நாள் முழுவதும் இன்சுலின் ஊசிதான் வழி என்று கருதப்பட்ட நிலையில், இக்குழந்தைகளுள் பலருக்குக் கணையத்தின் பொட்டாசியம் வாயிலை ஆளும் மரபணுவில் பழுது உள்ளது என்று 2004 இல் கண்டறிந்தனர். அப்பழுது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஊசியை நிறுத்திவிட்டு மலிவான சல்போனைல்யூரியா மாத்திரை கொடுத்தாலே போதும். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய குழந்தைகளுக்கு மரபணுச் சோதனை செய்து வருகிறது. ஒரு சோதனை, ஒரு விடை, ஊசியிலிருந்து விடுதலை! வாக்குறுதி அளித்தவர்கள் எண்ணியது இதைத்தான்.

மற்றொரு சான்று அறுவை அரங்கில் கிடைக்கிறது. மயக்க மருந்து கொடுக்கும்போது தசைகளைத் தளர்த்தச் சக்சினைல்கோலின் என்ற மருந்தைச் செலுத்துவதுண்டு. குருதியிலுள்ள ஒரு நொதி சில நிமிடங்களில் அதைச் சிதைத்துவிடும். அந்நொதி குறைந்தவர்களுக்கோ தசைகள் மணிக்கணக்கில் செயலற்றுப் போய், மூச்சுக்கே கருவியை நாட வேண்டி வரும். வைசியர் சமூகத்தினரிடம் இக்குறை மிகுதி என்பதை மயக்கவியல் மருத்துவர்கள் தம் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். அதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்றைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து 2006 இல் வெளியிட்டனர். காரணம் தெரிந்தபின் காப்பது எளிது. அம்மருந்தைத் தவிர்த்து வேறொன்றைப் பயன்படுத்தினால் போதும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோபிலியா என்னும் குருதி உறையாமை நோய் கொண்ட ஐவருக்கு மரபணுச் சிகிச்சை அளிக்கப்பட்டு, அதன் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. அடிக்கடி குருதி கசிந்து துன்புற்ற அவர்களுள் எவருக்கும் சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலத்தில் குருதிக்கசிவு நேரவில்லை. நம் மாநிலத்திலேயே நிகழ்ந்த இச்சாதனை நாம் பெருமை கொள்ளத் தக்கது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நோய்க்குரிய மரபணு பிரித்தறியப்பட்டது 1984 இல். மரபணுவைக் கண்டதற்கும் வேலூர்ப் படுக்கைக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கழிந்தன.

எங்கே நிறைவேறவில்லை?

காலின்ஸ் கற்பனை செய்த இளைஞனின் பட்டியலில் இருந்தவை அரிய நோய்கள் அல்ல. மாரடைப்பு, புற்றுநோய் போன்று வீட்டுக்கு வீடு காணும் நோய்கள். நீரிழிவையே எடுத்துக்கொள்வோம். 25 லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் மரபணுக்களை ஒப்பிட்ட உலகளாவிய ஆய்வொன்று 2024 இல் வெளிவந்தது. வயது வந்தோருக்கு வரும் நீரிழிவோடு தொடர்புடைய இடங்கள் மரபணுத்தொகுதியில் 611 உள்ளன என்று அது காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. அறுநூற்றுச் சொச்சம் இடங்களையும் கூட்டிக் கழித்து ஒருவருக்கு நீரிழிவு வருமா வராதா என்று உறுதி கூற இயலாது.

நாமக்கல் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதன் காரணத்தைக் கோழிப்பண்ணையைக் கொண்டே விளக்கலாம். கோழியின் மரபணுத்தொகுதி 2004 இல் வெளியிடப்பட்டது. இன்று உயர்ந்த முட்டைக் கோழி இனங்களை உருவாக்குவோர் மரபணுக்களைப் பார்த்தே அடுத்த தலைமுறைக்கான பறவைகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். முட்டையிடும் திறனும் பல மரபணுக்கள் கூடி ஆளும் பண்பே. அங்கே கணிப்பு பலிக்கிறது. மனிதனிடம் ஏன் தடுமாறுகிறது? பண்ணையில் எல்லாக் கோழிக்கும் ஒரே தீவனம், ஒரே வெளிச்சம், ஒரே தடுப்பூசி. சூழலில் வேறுபாடு குறைவாதலால் மரபணுவின் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. மனிதரோ அப்படியல்லர். ஒருவர் வெயிலில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிறார். ஒருவர் தறியில் நிற்கிறார். ஒருவர் இரவெல்லாம் லாரி ஓட்டுகிறார். ஒருவர் நாற்காலியை விட்டு எழுவதில்லை. உணவும் உறக்கமும் வருமானமும் வேறு வேறு. இவை அனைத்தும் மரபணுவோடு சேர்ந்தே நோயைத் தீர்மானிக்கின்றன.

இதன் மறுபக்கத்தையும் காண்போம். டாக்டர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006 இல் வெளிவந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் கலந்துகொண்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் மூன்று ஆண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றைத் தொடர்ந்து கடைப்பிடிக்கச் செய்த பிரிவில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. எவருடைய மரபணு ஏட்டையும் புரட்டாமலே கிடைத்த பலன் இது. பரவலான நோய்களைப் பொறுத்தவரை இன்றைக்கு மரபணுப் பட்டியலைவிடத் தராசும் நடைபாதையும் மிகுதியாக உதவுகின்றன என்பதே உண்மை.

நீலகிரி தரும் பாடம்

மரபணு அறிவு முழுமையாக இருந்தால் மட்டும் மருத்துவம் வந்துவிடுமா? இதற்கு விடை நம் மாநிலத்து மலையிலேயே இருக்கிறது.

அரிவாள் வடிவ அணுச் சோகை என்னும் நோயில் சிவப்பணுக்கள் வளைந்து, சிறு குருதிக் குழாய்களை அடைத்துத் தாங்கொணா வலியைத் தருகின்றன. இந்நோய்க்குரிய பண்பு இந்தியாவில் இருப்பதை 1952 இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் முதன்முதலாக வெளியிட்டனர். அவர்கள் சோதித்தது நீலகிரி மலைவாழ் மக்களின் குருதியை. ஹீமோகுளோபின் சங்கிலியில் ஆறாவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதே காரணம் என்பதை 1957 இல் இங்கிராம் உறுதி செய்தார். உலகிலேயே மூலக்கூறு அளவில் காரணம் தெரிந்த முதல் பரம்பரை நோய் இதுவே. இதைக் கண்டறிய 300 கோடி எழுத்துகளையும் படிக்கத் தேவையில்லை. ஒரு சொட்டுக் குருதி போதும். வலியைக் குறைக்க ஹைட்ராக்ஸியூரியா என்ற விலை குறைந்த மருந்தும் உண்டு.

அப்படியிருந்தும் நாடு தழுவிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது 2023 ஜூலை 1 அன்றுதான். நீலகிரியில் கண்டதற்கும் இயக்கம் பிறந்ததற்கும் இடையே 71 ஆண்டுகள்! தமிழகம் உட்பட 17 மாநிலங்களில் நடக்கும் இவ்வியக்கத்தில் 2025 நடுப்பகுதிக்குள் 6 கோடிக்கு மேற்பட்டோர் சோதிக்கப்பட்டு, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் அடையாளம் காணப்பட்டனர். அவர்களுடைய நோயின் எழுத்து அவர்கள் பிறக்கும் முன்பே உலகத்திற்குத் தெரியும். அவர்களுக்குத்தான் தெரியாது.

பெரிய அளவிலான மரபணு ஆய்வும் இந்நோய்க்கு ஒரு கொடை தந்துள்ளது. அதை மறைத்தல் நேர்மையன்று. கருவில் இருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் மரபணு ஒன்றை 2007, 2008 ஆம் ஆண்டுகளில் பலருடைய மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டே கண்டனர். அதைத் தளர்த்தும் மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் இங்கிலாந்தும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் வழங்கின. அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர். அப்போதைய மதிப்பில் நம் பணத்தில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய். வாக்குறுதி நிறைவேறியிருக்கிறது, ஆனால் யாருக்கு நிறைவேறியது என்று கேட்கும் உரிமை மலைவாழ் மக்களுக்கு உண்டு.

இந்தியாவின் பதினாயிரம் ஏடுகள்

உலகின் பெரிய மரபணு ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரிடம் நடந்தவை. இக்குறையைப் போக்க 2020 இல் மைய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஜீனோம் இந்தியா திட்டத்திற்கு இசைவளித்தது. இருபது நிறுவனங்கள் கூடி, 83 மக்கள் பிரிவுகளிலிருந்து பதினாயிரம் பேரின் மரபணுத்தொகுதியைப் படித்தன. 2025 ஜனவரியில் இத்தரவுகள் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அவ்வாண்டு வெளியான முதல் அறிக்கை 18 கோடி மரபு வேறுபாடுகளைக் கணக்கிட்டது. சென்னை ஐ.ஐ.டி. யும் அதே ஆண்டு பிப்ரவரியில் இந்திய மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரின் திசுக்களிலிருந்து திரட்டிய மரபணுத் தரவுகளை வெளியிட்டது.

இவை நமக்கு ஏன் தேவை? நம் நாட்டில் மக்கள் நூற்றாண்டுக்கணக்காகத் தத்தம் சாதிக்குள்ளேயே மணந்து வருகின்றனர். சிலரே முன்னோராக இருந்து பெருகிய கூட்டத்தில், அந்த முன்னோர் ஒருவரிடம் இருந்த அரிய பழுது பல வீடுகளுக்குப் பரவியிருக்கும். ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ரெய்க்கும் பிறரும் 2017 இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவில் சோதித்த 260க்கு மேற்பட்ட பிரிவுகளுள் 81 இல் இவ்விளைவு ஐரோப்பிய யூதர்களிடமும் பின்லாந்து மக்களிடமும் காண்பதைவிட மிகுதி என்று காட்டியது. உறவுக்குள் மணக்காத வீட்டிலும், சாதிக்குள் மணப்பதாலேயே இவ்வாபத்து வரக்கூடும் என்பது கருதத்தக்கது.

நம் பகுதியில் இது என்ன செய்யும்?

உறவுமுறைத் திருமணமும் நமக்குப் புதிதன்று. தேசிய குடும்பநல ஆய்வின்படி 2019–21 இல் தமிழகத்தில் 28 விழுக்காட்டுப் பெண்கள் உறவுக்குள்ளேயே மணமுடித்தவர்கள்; இந்திய சராசரியோ 11 விழுக்காடு. தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் கொடுப்பதை உரிமை என்கிறோம். அந்த உரிமைக்குள் என்ன எழுத்து ஒளிந்திருக்கிறது என்று கேட்பதில்லை. பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம் பதினோராவது பொருத்தமாகக் குருதியைப் பார்ப்பதில்லை.

ஆனால் பார்க்கத் தொடங்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், வேறு காரணத்துக்காக எடுத்த குருதிச் சோதனையில் அவள் தலசீமியா கடத்தி என்று வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான் என்பதால் தாளை என்னிடம் கொண்டுவந்தார்கள். தாளில் ஒரு விழுக்காட்டு எண்ணும் ஓர் ஆங்கிலச் சொல்லும் இருந்தன, விளக்கம் இல்லை. வீட்டார் அதை நோய் என்றே எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு நோயில்லை, மணமகனும் கடத்தியாக இருந்தால் மட்டுமே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அவருக்கு ஒரு சிறு சோதனை செய்தால் போதும் என்று மெண்டலின் பட்டாணிக் கட்டத்தை வரைந்து காட்டினேன். பெண்ணின் தாய்க்குப் புரிந்தது. மணமகன் வீட்டாரிடம் இதை யார் போய்ச் சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சேதி தானாகப் போனது, பேச்சு நின்றது.

மரபணு மருத்துவத்தில் வேறெங்கும் எழுதப்படாத செலவு இது. ஒரு சோதனைக்குப் பின் அமர்ந்து பேச ஆள் இல்லாவிட்டால் உண்மையே தண்டனையாகிவிடுகிறது. பெரும்பாலும் அத்தண்டனை பெண்ணின் தலையில்தான் விழுகிறது. சேலம் மாவட்டத்தார் இதை மறக்கலாகாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992 இல் தொடங்கப்பட்டது இங்கேதான். கருவின் நலம் காண வந்த ஸ்கேன் கருவி பெண் கருவைக் களையப் பயன்பட்டதால்தான் 1994 இல் நாடு முழுமைக்கும் தடைச்சட்டம் வந்தது. நல்ல கருவி எந்தச் சமூகத்தின் கையில் விழுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது. நாளை மரபணுத் தாளும் சாதகக் கட்டுக்குள் இன்னொரு தாளாகச் செருகப்பட்டு, பெண்களைத் தட்டிக்கழிக்கும் காரணமாகிவிடக் கூடாது.

முடிவுரை

மரபணுத்தொகுதியைப் படித்தது வீண் என்று கூறுவோர் பிறந்த குழந்தைகளின் ஊசியை நிறுத்திய மாத்திரையை மறந்தவர்கள். எல்லா நோயும் தீர்ந்தது என்போர் நீலகிரியின் 71 ஆண்டுகளை மறந்தவர்கள். ஒற்றை மரபணு நோய்களில் வாக்குறுதி பெரிதும் காக்கப்பட்டது. பலர்க்கும் வரும் நோய்களில் அது அளவுக்கு மீறிச் சொல்லப்பட்டது. ஏழைக்கு வரும் நோய்களில் அறிவு முன்னே வந்து நிற்க, மருத்துவம் பின்னே நடந்து வருகிறது. இதுவே நான் கண்ட கணக்கு.

ஆகவே பதினாயிரம் ஏடுகள் பத்து லட்சமாகப் பெருகட்டும், அது வேண்டியதே. அதனோடு, திருமணத்துக்கு முன்போ கருவுற்ற தொடக்கத்திலோ தலசீமியா, அரிவாள் அணுச் சோகை ஆகியவற்றுக்கான எளிய குருதிச் சோதனை வட்டார மருத்துவமனையில் கிடைக்க வேண்டும். முடிவைத் தமிழில், தனியறையில், கணவன் மனைவி இருவரையும் அமர்த்தி விளக்கும் ஆலோசகர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். தாளில் உள்ளதைப் பிறர் அறியாமல் காக்கும் கட்டுப்பாடும் வேண்டும். இம்மூன்றுக்கும் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஊர் ஊராகச் செல்கிறோம், சாலை செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம். ஒரு மாலைப்பொழுதில் கோவில் திண்ணையில் அமர்ந்து, கடத்தி என்றால் நோயாளி அல்ல என்ற ஒரே செய்தியை மெண்டலின் நான்கு கட்டங்களைக் கரியால் வரைந்து விளக்கினால், ஒரு வரனாவது நிற்காமல் நடக்கும். தேர்வுத் தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதும் அந்தக் கட்டங்களுக்கு அதைவிடப் பெரிய மதிப்பெண் இல்லை.